யானையைப் பார்க்காம திரும்பி வந்த கதை

போன வாரம் எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்துச்சு. "இன்டர்னல்ஸ் முடிஞ்சதும் மார்ச் ரெண்டாவது வாரம் ட்ரெக்கிங். பர்மிஷன் எல்லாம் தேவையில்ல. செக்போஸ்ட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி இறங்கிட்டா உள்ள போக ஒத்தையடிப் பாதை இருக்கு. சீனியர்ஸ் போயிட்டு வந்திருக்காங்க. யார் யார் வர்றீங்க?"

பத்து நிமிஷத்துல பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தாங்க. அதுல பாதிப் பேர் இதுவரைக்கும் காட்டுக்குள்ள ஒரு கிலோமீட்டர்கூட நடந்ததில்லை. ஒரு வருஷம் முன்னாடின்னா பதினெட்டாவது கட்டைவிரல் என்னோடதா இருந்திருக்கும். போன ஜனவரியில் டாப்ஸ்லிப்பில் நடந்த ஒரு விஷயத்தாலதான் இந்தத் தடவை என் விரல் எழும்பல. அந்தக் கதையையும், அதுக்கப்புறம் நான் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை. ட்ரெக்கிங் போகாதீங்கன்னு சொல்ல வரல. போங்க. ஆனா இதைப் படிச்சிட்டுப் போங்க.

இருபது நிமிஷம் அசையாம நின்னோம்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை செக்போஸ்ட் வழியா மேல ஏறினா டாப்ஸ்லிப். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கிற இடம். ஆங்கிலேயர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டதால அந்தப் பேர். நாங்க ஆறு பேர். வனத்துறை அனுமதிச்ச பாதை, காலையில கிளம்பணும், கூட ஒரு வழிகாட்டி. வழிகாட்டி அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். காடர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காட்டுலயே பிறந்து வளர்ந்தவர்.

முதல் ஒரு மணி நேரம் ஜாலியா போச்சு. மலை அணில் பார்த்தோம், இருவாச்சி பறக்கிற சத்தம் கேட்டோம். அப்புறம் மூங்கில் புதர் நெருக்கமா வளர்ந்த ஒரு வளைவு வந்துச்சு. முன்னாடி போன அண்ணன் சட்டுன்னு நின்னு, உள்ளங்கையைப் பின்பக்கமா காட்டினார். ஆறு பேரும் நின்னோம்.

எங்களுக்கு எதுவும் தெரியல. அவர் கீழே குனிஞ்சு பாதையில கிடந்த யானைச் சாணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொஞ்சமா உதிர விட்டு, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தார். அப்பதான் "டப்"னு மூங்கில் ஒடியிற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, தூரத்துல புல்லட் வண்டி நின்னுக்கிட்டு ஓடுற மாதிரி ஒரு அடித்தொண்டை உறுமல்.

என் ரூம்மேட் மொபைலை எடுத்துக்கிட்டு மெதுவா அண்ணனைத் தாண்டி முன்னாடி போகப் பார்த்தான். அண்ணன் அவன் பை வாரைப் பிடிச்சு இழுத்துட்டார். கோபமே இல்லாம, ரொம்ப மெல்லிசா, "தம்பி, குட்டி இருக்கு" அப்படின்னார். அவ்வளவுதான்.

இருபது நிமிஷம் அங்கேயே நின்னோம். சத்தம் பாதையை விட்டு நகரல. அண்ணன் "திரும்பலாம்"னு சொல்லிட்டு வந்த வழியே நடக்க ஆரம்பிச்சார். வியூ பாயின்ட் போகல. யானையையும் பார்க்கல. இறங்கி வரும்போது ரூம்மேட் வழி முழுக்க முணுமுணுத்தான். "காசு கொடுத்து வந்து மூங்கிலைப் பார்த்துட்டுப் போறோம்."

வண்டி ஏறும்போது அண்ணன்கிட்ட நானே கேட்டேன். "அண்ணா, நாம இன்னும் கொஞ்சம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" அவர் சொன்னது: "ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கும் தம்பி. ஆனா அதுக்கு நாம வர்றது தெரியாது. தெரியாம பக்கத்துல போய் நின்னா அது பயப்படும். பயந்தா அடிக்கும்."

காட்டில் பாதுகாப்பா நடக்கிறதைப் பத்தி நான் அப்புறம் படிச்சதும் கேட்டதும் எல்லாமே இந்த நாலு வரிக்குள்ள அடங்குது. விலங்கு நம்மளைத் தேடி வந்து தாக்குறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலான விபத்து, ரெண்டு பேருக்கும் எதிர்பாராத சந்திப்பு. அந்த எதிர்பாராத சந்திப்பு நடக்காம பார்த்துக்கிறதுதான் காட்டுப் பாதுகாப்பு. ஷூ, கம்பு, தைரியம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஒரு சின்ன கணக்கு

நாம இன்ஜினியரிங் பசங்க. கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடுறதை அளந்திருக்காங்க. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். முதுகில பையோட, வேரும் கல்லுமா இருக்கிற பாதையில, பதற்றத்தில நாம வினாடிக்கு 4 மீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். யானை நம்மள நோக்கி வருதுன்னு மூளைக்கு உறைச்சு, கால் நகர ரெண்டு வினாடி ஆகும்னு வெச்சுக்குவோம். அந்த ரெண்டு வினாடியில் யானை 14 மீட்டர் வந்துடும்.

யானை 30 மீட்டர்ல இருந்தா: 30-ல் 14 போக மிச்சம் 16 மீட்டர். வேக வித்தியாசம் வினாடிக்கு 3 மீட்டர். 16-ஐ 3-ஆல் வகுத்தா ஏறத்தாழ 5 வினாடி. அந்த நேரத்தில் நாம 20 மீட்டர் ஓடியிருப்போம். கதை முடிஞ்சது.

யானை 100 மீட்டர்ல இருந்தா: 100-ல் 14 போக 86. வகுத்தா 28 வினாடி. நாம 110 மீட்டருக்கு மேல ஓடியிருப்போம். அதுக்குள்ள ஒரு பெரிய பாறையோ மரமோ கிடைக்கலாம். அதோட, பல சமயம் யானையின் விரட்டல் வெறும் மிரட்டல்தான். "தள்ளிப் போ"ன்னு சொல்லிட்டுக் கொஞ்ச தூரத்துல நின்னுடும். நாம தூரத்தில இருந்தாதான் அந்த மிரட்டல் மிரட்டலாவே முடியும்.

கவனிச்சீங்களா? தூரம் மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேல கூடினப்போ, கிடைக்கிற நேரம் அஞ்சு மடங்குக்கு மேல கூடுது. ஏன்னா ரியாக்ஷன் டைம் ரெண்டு இடத்திலயும் ஒண்ணுதான். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு நாம செமஸ்டர் முழுக்கப் படிக்கிறது காட்டில் மீட்டர் கணக்குல இருக்கு. "இன்னும் ஒரு பத்து மீட்டர் போனா ஃபோட்டோ நல்லா வரும்"னு நினைக்கும்போது நாம அழிக்கிறது அந்த மார்ஜினைத்தான்.

"சரிவில இறங்கி ஓடினா யானையால் வர முடியாது"ன்னு ஹாஸ்டல்ல ஒரு பேச்சு உண்டு. நம்பாதீங்க. யானை மலைச் சரிவில் ஏறி இறங்கியே வாழுற விலங்கு.

பாதையில் கண்ணுக்கு எட்டுற தூரம்

சிவில் பசங்களுக்கு ஸ்டாப்பிங் சைட் டிஸ்டன்ஸ் ஞாபகம் இருக்கும். வண்டியை நிறுத்த எவ்வளவு தூரம் தேவையோ, அவ்வளவு தூரம் ரோடு கண்ணுக்குத் தெரியணும். தெரியாத வளைவில் வேகத்தைக் குறைக்கணும். காட்டுப் பாதைக்கும் இதே விதிதான்.

ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்த்த தேக்குக் காட்டில் ரொம்ப தூரம் வரைக்கும் பார்க்கலாம். அங்க சாதாரணமா நடக்கலாம். ஆனா மூங்கில் புதர், உண்ணிச்செடி மண்டின இடம், ஓடைக் கரை, பாறை வளைவு இங்கெல்லாம் பத்து மீட்டர்கூடத் தெரியாது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த உண்ணிச்செடி இப்போ மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல ஆளுயரத்துக்குப் பரவிக் கிடக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு காட்டெருமை படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாது.

அந்த மாதிரி இடத்துக்கு முன்னாடி எங்க வழிகாட்டி ஒவ்வொரு தடவையும் நின்னார். பார்த்தார், கேட்டார், மோந்து பார்த்தார், அப்புறம்தான் அடியெடுத்து வெச்சார். முதல்ல எங்களுக்கு "என்னடா இவர் இவ்வளவு ஸ்லோவா போறார்"னு இருந்துச்சு. அவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தைக் காதாலயும் மூக்காலயும் நிரப்பிக்கிட்டிருந்தார்னு பிறகுதான் புரிஞ்சது.

அதனால சில பழக்கங்கள்:

காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். காட்டில் நம்ம முதல் சென்சார் காதுதான். மூங்கில் ஒடியிற சத்தம், யானையின் உறுமல், புள்ளிமான் "க்யாங்"னு கத்துறது, கருமந்தி மரத்து மேலிருந்து விடாம குரல் கொடுக்கிறது, எல்லாமே எச்சரிக்கை மணி. மானும் குரங்கும் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினா அங்க சிறுத்தையோ புலியோ இருக்கலாம்.

சத்தமா பேசுறது, ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கிறது கூடாது. அதுக்காக மூச்சுவிடாம பதுங்கிப் பதுங்கியும் போக வேண்டாம். நம்ம சத்தம் அடுத்தவங்க சத்தத்தை மறைக்கக் கூடாது, அதான் கணக்கு.

காத்து திசையைக் கவனிங்க. யானைக்கும் கரடிக்கும் கண் பார்வை சுமார், மோப்பம் அபாரம். காத்து நமக்குப் பின்னாலிருந்து முன்னாடி அடிச்சா நம்ம வாசனை நமக்கு முன்னாடியே போய்ச் சேரும், அதுங்க விலகிக்கும். எதிர்க்காத்து அடிக்கும்போது நாம வர்றது அதுங்களுக்குத் தெரியாது. அப்பதான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

வெள்ளை, சிவப்பு, பளிச்னு மஞ்சள் இதெல்லாம் வேண்டாம். மங்கின பச்சை, காக்கி, பழுப்பு நிறத்துல முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட் போடுங்க. சென்ட், பாடி ஸ்ப்ரே அடிக்காதீங்க.

வரிசையா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நடங்க. முன்னாடி வழிகாட்டி, கடைசியில் அனுபவமுள்ள ஒருத்தர். யாரும் தனியா பின்தங்கக் கூடாது. அவசரமா ஒதுங்கணும்னாலும் சொல்லிட்டுத்தான் போகணும். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

எதிர்ல வந்துட்டா?

எல்லாத்தையும் மீறி ஒரு விலங்கு எதிர்ல நின்னா, எல்லா விலங்குக்கும் ஒரே பதில் கிடையாது.

யானை: காதை விசிறிக்கிட்டு மேய்ஞ்சா நிம்மதியா இருக்குன்னு எடுத்துக்கலாம். காது அசையறது நின்னு, விரிஞ்சு, தும்பிக்கை நம்ம பக்கம் நீண்டா, நம்மள மோப்பம் பிடிக்குதுன்னு அர்த்தம். அந்த நொடியே சத்தமில்லாம பின்வாங்கணும். குட்டி இருக்கிற கூட்டமும் தனியா திரியற ஆண் யானையும் ரொம்ப ஆபத்து. கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவில மட்டும் மாட்டிக்கக் கூடாது. விரட்டிடுச்சுன்னா பையைக் கீழே போட்டுட்டுப் பெரிய பாறை, பருத்த மரம் இதுங்க பின்னாடி மறைவு தேடணும். வழிகாட்டி எந்தப் பக்கம் ஓடச் சொல்றாரோ அந்தப் பக்கம். விவாதம் பண்ண அது நேரமில்ல.

காட்டெருமை: ஆண் காட்டெருமை ஒரு டன் எடை வரைக்கும் இருக்கும். பார்க்க நம்ம ஊர் எருமை மாதிரி சாதுவா நிக்கும். நின்னு முறைச்சு, மூச்சை "புஸ்"னு விட்டா அதுக்கு நாம இருக்கிறது பிடிக்கலன்னு அர்த்தம். வழியை விட்டு விலகி, அது போக இடம் கொடுங்க.

கரடி: நிறைய பேர் கரடியைக் காமெடி பீஸா நினைக்கிறாங்க. ஆனா திடீர்னு பக்கத்தில் போய் நின்னா ரொம்ப மோசமாத் தாக்கக்கூடிய விலங்கு அது. கரையான் புற்றைத் தோண்டிக்கிட்டிருக்கும்போது அதுக்குச் சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியாது. புதுசா தோண்டின புற்று கண்ணில் பட்டா உஷார். எதிர்ல பார்த்தா ஓடாதீங்க. மெதுவா பின்னாடி நகருங்க. மேல விழுந்துட்டா குப்புறப் படுத்து, ரெண்டு கையாலும் பின்கழுத்தையும் தலையையும் மூடிக்கணும். முகத்தைக் காப்பாத்திக்கிறதுதான் முக்கியம்.

புலி, சிறுத்தை: பார்க்கிற வாய்ப்பே குறைவு. பார்த்தா ஓடாதீங்க, குனியாதீங்க, உட்காராதீங்க. ஓடுற உருவமும் குனிஞ்ச உருவமும் அதுக்கு இரை மாதிரித் தெரியும். நிமிர்ந்து நின்னு, அது பக்கமே பார்த்துக்கிட்டு, பின்னாடி நகருங்க.

மலைத்தேனீ: பெரிய மரத்திலும் பாறை முகட்டிலும் கூடு தொங்கும். புகை, சென்ட் வாசனை, கல்லெறி மூணும் ஆகாது. கலைஞ்சுட்டா நின்னு கையை வீசுறது வேலைக்காகாது. முகத்தை மூடிக்கிட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஓடணும். மேல சொன்ன "ஓடாதே" எல்லாம் இதுக்குப் பொருந்தாது.

பாம்பு: பெரும்பாலும் தெரியாம மிதிக்கிறதாலயும், பார்க்காம கையை வைக்கிறதாலயும்தான் கடி. விழுந்து கிடக்கிற மரத்தைத் தாண்டும்போது முதல்ல அது மேல ஏறி அந்தப் பக்கம் பார்த்துட்டு இறங்குங்க. பாறை இடுக்கில் கை விடாதீங்க. கடிச்சுட்டா கயிறு கட்டுறது, கத்தியால் கீறுறது, வாயால் உறிஞ்சுறது எல்லாம் சினிமாவோட போகட்டும். மோதிரம், வாட்ச் கழட்டிட்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுற மாதிரி கை காலை அசையாம வெச்சு, முடிஞ்சவரைக்கும் நடக்க விடாமத் தூக்கிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகணும். நம்ம நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்துத் தயாரிக்கிறது. அதனால பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போகணும்னு நேரத்தை வீணாக்காதீங்க.

விலங்கில்லாத ஆபத்து

இப்போ அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்குத் திரும்ப வர்றேன். அதுல எனக்கு யானையை விடப் பெரிய பயம் தந்த வார்த்தை "மார்ச்".

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துக்கிட்டிருந்த ட்ரெக்கிங் குழு காட்டுத்தீயில் மாட்டிக்கிச்சு. 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதில் பல பேர் நம்மளை விட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க. வேலைக்குப் போய், வீக்கெண்டுக்கு மலை ஏற வந்தவங்க. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதிமுறை வந்துச்சு.

மார்ச்சில் ஏன் ஆபத்து? மழை நின்னு ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும். ஆளுயரப் புல் காஞ்சு விறகா நிக்கும். சமதளத்தில் தீ பரவுறதுக்கும் சரிவில் பரவுறதுக்கும் நிறைய வித்தியாசம். சரிவில் தீயின் நாக்கு மேல இருக்கிற புல்லுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். சூடான காத்தும் மேல் பக்கமாவே போகும். அதனால மேல இருக்கிற புல் தீ தொடுறதுக்கு முன்னாடியே சூடேறிக் காத்திருக்கும். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு விளக்கவே வேண்டாம். தீயணைப்பில் ஒரு கட்டைவிரல் கணக்கு சொல்வாங்க: சரிவு 10 டிகிரி கூடினா மேல்நோக்கிப் போற தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 30 டிகிரி சரிவுன்னா எட்டு மடங்கு. எந்த ஓட்டக்காரனாலும் அதை ஜெயிக்க முடியாது.

அதனால தீயைப் பார்த்தா மேல ஏறி ஓடக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, புல்லில்லாத பாறைத் திட்டு, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கருப்பு நிலம் இதுல ஒண்ணைத் தேடணும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோல்ல ஒட்டிக்கும். காட்டுக்குப் பருத்தி உடைதான் நல்லது. இதையெல்லாம் விட எளிய வழி, அந்த மாசத்தில் காட்டுக்குள்ள போகாம இருக்கிறது. வனத்துறை காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுறது இதுக்காகத்தான். "மூடியிருக்காங்க, அதனால பர்மிஷன் இல்லாமப் போவோம்"னு சொல்றது, பாலம் இடிஞ்சதால ரோட்டை மூடியிருக்காங்க, அதனால தடுப்பைத் தள்ளிட்டுப் போவோம்னு சொல்ற மாதிரி.

மழைக்காலத்துக்கு வேற ஆபத்து. நாம நிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேல மலையில் மழை கொட்டியிருக்கும். ஓடைத் தண்ணி திடீர்னு கலங்கினா, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, இரைச்சல் கூடினா உடனே கரை ஏறிடணும். முழங்காலுக்கு மேல ஓடுற தண்ணியைக் கடக்க முயற்சி பண்ணாதீங்க. வழுக்குப் பாறை மேல நின்னு செல்ஃபி எடுக்கிறதைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

அட்டைக்கு ரொம்ப பயப்பட வேண்டாம். உப்போ, அட்டைக்குன்னே விக்கிற நீளமான சாக்ஸோ போதும். கடிச்ச இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிடுங்க.

கடைசியா, நேரம். மலைக்குப் பின்னாடி சூரியன் சீக்கிரம் மறைஞ்சுடும். மரத்தடியில் அதுக்கும் முன்னாடியே இருட்டிடும். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் சுறுசுறுப்பா நடமாடுறது அந்தி நேரத்தில்தான். நல்லா விடிஞ்சதுக்கு அப்புறம் கிளம்பி, மூணு மணிக்குள்ள வெளிய வந்துடற மாதிரி திட்டம் போடுங்க. திரும்புற நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு பண்ணுங்க. அந்த நேரம் ஆயிடுச்சுன்னா, வியூ பாயின்ட் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பிடணும்.

பர்மிஷன் வெறும் காகிதமா?

"பர்மிஷன்னா ஒரு ரசீது, அதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?" இதான் எல்லாரும் கேக்கறது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, சரணாலயத்துக்குள்ள யார் யார் போகலாம்னு சொல்லுது. அந்த வரம்புக்குள்ள வராதவங்க அனுமதி இல்லாமப் போனா குற்றம். காட்டுக்குத் தீ வைக்கிறதையோ, தீப்பிடிக்கும்படி தீயை விட்டுட்டு வர்றதையோ 30-ஆவது பிரிவு தனியாத் தடை பண்ணுது. கேம்ப் ஃபயர் ஆசை இருக்கிறவங்க இதைக் கவனிங்க.

சட்டத்தை விடுங்க. அனுமதியோட போனா நமக்குக் கிடைக்கிற மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, நாம எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை மணிக்குள்ள போனோம்னு வெளிய ஒருத்தருக்குத் தெரியும். சாயங்காலம் திரும்பலன்னா தேட ஆள் வரும். குறுக்குவழியில் போன பதினேழு பேரைத் தேட யார் வருவாங்க? எங்க தேடுவாங்க? காட்டுக்குள்ள டவர் கிடையாது. 108-க்கு அடிக்கணும்னாலும் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்தாகணும்.

ரெண்டு, நேத்து எந்தப் பாதையில் யானை நின்னுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தத் தகவல் கூகுள் மேப்பில் இல்ல.

மூணு, வழிகாட்டி. எங்க மூணு வருஷப் படிப்பில் சொல்லித் தராத ஒரு பாடத்தை அந்தக் காடர் அண்ணன் இருபது நிமிஷத்தில் சொல்லித் தந்தார். 2024 அக்டோபரில் தமிழக அரசு "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, 40 பாதைகளை ஆன்லைன்ல பதிவு பண்ணிப் போற மாதிரி திறந்திருக்காங்க. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பல பேர் அதில் பயிற்சி எடுத்து வழிகாட்டியா இருக்காங்க. நாம கொடுக்கிற காசில் ஒரு பங்கு அவங்க வீட்டுக்குப் போகுது. சுலபம், மத்தியம், கடினம்னு பிரிச்சே வெச்சிருக்காங்க. முதல் தடவை போறவங்க சுலபமானதில் ஆரம்பிங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

இன்னொண்ணு. எதிர்பாராத சந்திப்பில் நமக்கு மட்டும் நஷ்டம் இல்ல. ஆள் செத்தா அந்த யானைக்கும் கெட்ட பேர், துரத்தல், சில சமயம் மயக்க ஊசி. டாப்ஸ்லிப் பகுதி வரகளியாறு முகாமில் 2019-ல் கூண்டில் அடைச்ச சின்னத்தம்பியை நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அவன் பிடிபட்டது ட்ரெக்கிங்கால இல்ல, ஊருக்குள்ள பயிரைத் தேடி வந்ததால. ஆனா மனுஷனும் யானையும் மோதினா கடைசியில் காட்டை இழக்கிறது யாருன்னு அவன் கதை சொல்லுது. காப்பகம்னா அதுங்களுக்காக ஒதுக்கின இடம். அங்க நாம விருந்தாளி.

பையில் என்ன இருக்கணும்?

ஆளுக்கு குறைஞ்சது ரெண்டு லிட்டர் தண்ணி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் மாதிரி வாசனை அதிகமில்லாத தீனி. விசில், டார்ச், மழைக்கோட்டு. முதலுதவிப் பொருள், நமக்குன்னு எடுத்துக்கிற மாத்திரை. ஒரு காலிப் பை, நம்ம குப்பையை நாமே திருப்பி எடுத்துட்டு வர. ஏற்கெனவே போட்டுப் பழகின ஷூ. புது ஷூவில் மலை ஏறினா ரெண்டாவது கிலோமீட்டரிலேயே குதிகால் கொப்பளிச்சுடும். குரங்குக்குத் தீனி போடாதீங்க. சரக்கு, சிகரெட் ரெண்டும் ஹாஸ்டல்லயும் கூடாது, காட்டில் கூடவே கூடாது.

வீட்டில் ஒருத்தர்கிட்டயாவது எங்க போறீங்க, எப்ப திரும்புவீங்கன்னு உண்மையைச் சொல்லிட்டுப் போங்க. "கம்பைன்ட் ஸ்டடி அம்மா"ன்னு சொல்லிட்டு மலைக்குப் போறது நம்ம பாரம்பரியம்தான். ஆனா ஏதாவது ஆச்சுன்னா, தேட வேண்டியவங்க தப்பான ஊரில் தேடிக்கிட்டிருப்பாங்க.

குரூப்பில் நான் போட்ட பதில்

இவ்வளவையும் குரூப்பில் டைப் பண்ண முடியாது. ரெண்டு வரிதான் போட்டேன். "மார்ச் வேண்டாம், தீ சீசன். மழை முடிஞ்சு பாதை திறந்ததும் ஆன்லைன்ல புக் பண்ணி, கைடோட போவோம். நானும் வர்றேன்."

"பயந்தாங்கொள்ளி"ன்னு ஒருத்தன் ஸ்டிக்கர் போட்டான். இன்னொருத்தன் ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டான். அதுக்கப்புறம் என் ரூம்மேட், வியூ பாயின்ட் போகலன்னு அன்னைக்கு வழி முழுக்க முணுமுணுத்த அதே ஆள், ஒரு வீடியோ போட்டான். அந்த மூங்கில் வளைவில் அவன் ரெக்கார்ட் பண்ணியிருந்த இருபது வினாடி. திரையில் வெறும் பச்சை. பின்னாடி அந்த உறுமலும், "தம்பி, குட்டி இருக்கு"ங்கிற குரலும்.

இப்போ பார்த்தேன். பதினேழு கட்டைவிரல் பதினொண்ணா குறைஞ்சிருக்கு. மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதினேன்.